வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 4: ஆறு மாத இலக்கை வாரக் கணக்காக உடைப்பது எப்படி?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் 4 தேர்வுக்கு 2025-இல் அறிவிக்கை ஏப்ரல் 25-ஆம் தேதி வந்தது. தேர்வு ஜூலை 12-இல் நடந்தது. நடுவில் 78 நாள். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரி 30-க்கும் ஜூன் 9-க்கும் இடையே 131 நாள் கிடைத்தது. காலை ஒன்பதுக்குக் கடைக்கோ கம்பெனிக்கோ போய் இரவு எட்டுக்கு வீடு திரும்புகிறவர், அறிவிக்கை வந்த அன்றுதான் புத்தகத்தைத் தூசி தட்டுகிறார் என்றால் 78 நாள் எந்த மூலைக்கும் காணாது. ஆகவே கீழே உள்ளது அறிவிக்கைக்கு முன்பே தொடங்குகிற 26 வாரக் கணக்கு. தேர்வாணையத்தின் ஆண்டு அட்டவணையில் உத்தேசத் தேதி இருக்கும். அதை வைத்துப் பின்னோக்கி எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் இலக்கை எழுதுகிற விதம். "இந்த வருஷம் எப்படியாவது வேலை வாங்கிடணும்" என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போடுவது வழக்கம். அந்த வரியை வைத்துக்கொண்டு நாளைக் காலை ஐந்து மணிக்கு என்ன செய்வது என்று கேட்டால் பதில் வராது. வேலை கிடைப்பது காலியிட எண்ணிக்கை, இனச்சுழற்சி (இட ஒதுக்கீட்டின்படி இடங்களைப் பிரிக்கும் முறை), அந்த வருடக் கேள்வித்தாளின் கடினம், கூட எழுதுகிற லட்சக்கணக்கானவர்கள் எல்லாவற்றையும் பொறுத்தது. 300-க்கு 90 மதிப்பெண் என்பது தகுதிக்கோடு மட்டும்தான். தரவரிசையில் அதற்கு ஒரு மரியாதையும் இல்லை. நம் கைக்குள் இருப்பது 200 கேள்வியில் எத்தனை சரியாகப் போடுகிறோம் என்பது. அதைத்தான் இலக்காக எழுத வேண்டும்.

ஓர் உதாரணம்: மொத்தம் 170 கேள்வி. தமிழில் 100-க்கு 92, பொது அறிவில் 75-க்கு 55, திறனறிவில் (கணக்குப் பகுதி) 25-க்கு 23. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் 255 வரும். கட் ஆஃப் ஏறும் இறங்கும், பிரிவுக்குப் பிரிவு மாறும். அதைத் துரத்த வேண்டாம். மூன்று எண்ணையும் தனித்தனியாக எழுதுவதுதான் இங்கே முக்கியம். ‘170’ என்று மட்டும் எழுதினால், தமிழ் இனிக்கிறது என்று தமிழையே திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, கணக்கைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவிடுகிறோம். தமிழிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அதன் 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

இலக்கை எழுதும் முன் இப்போது எங்கே நிற்கிறோம் என்று தெரிய வேண்டும். தேர்வாணைய இணையதளத்தில் பழைய கேள்வித்தாள்கள் கிடைக்கும். ஒன்றை அச்செடுத்து, எதுவும் படிக்காமல், மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். 95 வரலாம், 110 வரலாம். கசப்பாகத்தான் இருக்கும். "கொஞ்சம் படிச்சிட்டு எழுதிப் பாக்கலாம்" என்று இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் பெரும்பாலும் கடைசி வரை எந்த டெஸ்ட்டும் எழுதுவதில்லை. 105 வந்தது என்று வைத்துக்கொண்டால், 170-க்கு இன்னும் 65 கேள்வி வேண்டும். இப்போதுதான் இலக்குக்கு ஓர் அளவு கிடைத்திருக்கிறது.

எங்கே எவ்வளவு

பாடத்திட்டத்திலேயே ஒவ்வொரு அலகுக்கும் எத்தனை கேள்வி என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது பெரிய நஷ்டம். பொது அறிவின் 75 கேள்வியில் அறிவியலுக்கு 5, புவியியலுக்கு 5, இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் 10, ஆட்சியியல் 15, பொருளாதாரமும் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழ்நாட்டின் வரலாறு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் 20. கடைசி மூன்றும் சேர்ந்து 55. ஆனால் ஆறாம் வகுப்பு அறிவியலில் அளவீடுகள் பாடத்தைத் திறந்து, இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று மூன்று மாதம் ஓட்டுகிறவர்கள் ஏராளம். ஐந்து கேள்விக்கு மூன்று மாதம்!

தமிழிலும் இப்படியே. இலக்கணத்துக்கு 25, சொல்லகராதிக்கு 15, எழுதும் திறனுக்கு 15, கலைச்சொற்களுக்கு 10, வாசித்துப் புரிந்துகொள்வதற்கு 15, எளிய மொழிபெயர்ப்புக்கு 5, இலக்கியமும் தமிழறிஞர்களும் 15. நூலாசிரியர் பெயரையும் அடைமொழியையும் மட்டும் மனப்பாடம் செய்கிற பழைய பாணிக்கு இதில் கிடைப்பது 15 கேள்விதான். மீதிக்குப் பயிற்சி வேண்டும். வாசித்தால் மட்டும் வராது.

இனி நேரம். வேலை நாளில் இரண்டு மணி நேரம் (காலையில் ஒன்றரை, இரவில் அரை), ஞாயிறு ஐந்து மணி நேரம் என்றால் வாரத்துக்கு 17. 26 வாரத்துக்கு 442 மணி நேரம். இதில் ஐந்தில் ஒரு பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிட வேண்டும்: காய்ச்சல், ஓவர்டைம், காதுகுத்து, துக்க வீடு. மிச்சம் 350 சொச்சம். தமிழுக்கு 130, பொது அறிவுக்கு 150, திறனறிவுக்கு 70 என்று பிரிக்கலாம். 350-க்குள் அடங்காத எந்தத் திட்டத்தையும் இப்போதே கிழித்துப் போடலாம். "தினமும் ஆறு மணி நேரம்" என்கிற அட்டவணை வேலையில்லாமல் முழுநேரம் படிப்பவருக்கானது. அதை நகலெடுத்துச் சுவரில் ஒட்டினால் நான்காம் நாளே குற்ற உணர்ச்சி வந்துவிடும்.

காலை ஐந்து மணி என்பது சாஸ்திரம் இல்லை. திருப்பூரில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு மதியம் மூன்று மணிதான் விடியல். கடிகாரம் எதைக் காட்டினாலும் சரி, ஏதாவது ஒரு வேலையின் தொடர்ச்சியாகப் படிப்பைக் கட்டிவைப்பதுதான் பலன் தரும். பல் துலக்கியதும் நோட்டு, டீ குடித்ததும் நோட்டு. பேருந்துப் பயணத்துக்கு கலைச்சொற்களும் நடப்பு நிகழ்வுகளும் ஒத்துவரும். இலக்கணம் ஒத்துவராது, அதற்குப் பேனாவும் தாளும் வேண்டும்.

வாரத் தாள்

26 வாரத்தை மூன்றாகப் பிரிப்பது நல்லது. முதல் 15 வாரம் புதிய பாடம், அடுத்த 7 வாரம் ரிவிஷனும் பகுதித் தேர்வுகளும், கடைசி 4 வாரம் முழுத்தேர்வு. முதல் 15-இல் ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது வாரங்களில் புதிதாக எதுவும் தொடக்கூடாது. அவை ஈடு வாரங்கள். விட்டதைப் பிடிக்க மட்டும்.

ஆக, புதிய பாடத்துக்கு உண்மையில் இருப்பது 12 வாரம். ஆறு முதல் பத்து வரை தமிழ்ப் புத்தகங்களில் நாற்பதுக்கு மேல் இயல்கள் உண்டு; வாரத்துக்கு மூன்றரை இயல் வீதம் போனால்தான் முடியும். இந்த எண் தெரிந்த பிறகு வாரத் தாள் தானாகவே அமைந்துவிடும். ஒரு வாரத்துத் தாள் இப்படி இருக்கலாம்:

எட்டாம் வகுப்புத் தமிழ் இயல் 4, 5, 6, ஏழில் பாதி.
அடிப்படை உரிமைகள், அரசியலமைப்பின் உறுப்பு 12 முதல் 35 வரை. படித்த பின் 30 கேள்வி.
தனிவட்டி, கூட்டுவட்டி 40 கணக்கு.
ஞாயிறு காலை 9.30-க்கு 100 கேள்வி டெஸ்ட்.

நான்கு வரி போதும். ஒவ்வொன்றும் முடிந்ததா இல்லையா என்று ஆம், இல்லை என்பதில் சொல்லிவிட முடிய வேண்டும். "இலக்கணம் படிக்க வேண்டும்" என்று எழுதினால் சனிக்கிழமை இரவு நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வழி கிடைத்துவிடும். தாளை மடித்து நோட்டுக்குள் வைக்காமல் கதவுக்குப் பின்னாலோ தினசரி காலண்டருக்குப் பக்கத்திலோ ஒட்டுவது மேல். ஞாயிறு டெஸ்ட் 9.30-க்கு என்பதற்குக் காரணம், உண்மைத் தேர்வும் அதே நேரத்தில்தான் தொடங்குகிறது. 9.30 முதல் 12.30 வரை மூளை விழித்திருக்கப் பழக வேண்டும்.

விட்டுப்போனதை என்ன செய்வது? திட்டங்கள் பெரும்பாலும் செத்துப்போவது இந்த இடத்தில்தான். இந்த வாரம் இரண்டு இயல் விட்டுப்போனது. அடுத்த வாரம் ஐந்தரை படிக்கலாம் என்று தோன்றும். மூன்றரைக்கே மூச்சு வாங்கியவர் ஐந்தரை முடிப்பாரா? அதிலும் இரண்டு விடும், அதற்கடுத்த வாரம் ஏழரையாகும், அதோடு தாளைக் கிழித்துவிடுவோம். வட்டி கட்ட முடியாத கடன் மாதிரி இது. விட்டதை அடுத்த வாரத்தில் சேர்க்கவே கூடாது. ‘ஈடு’ என்று தலைப்பிட்ட தனித்தாளில் எழுதிவிட்டு, அடுத்த வாரத்தை அதன் அளவிலேயே நடத்த வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் பாதிக்கு மேல் விட்டுப்போனால், கோளாறு திட்டத்தின் அளவில் இருக்கிறது. கால் பங்கு குறைத்துக்கொள்ளலாம். குறைக்கும்போது அறிவியலில் குறைக்கலாம், ஆட்சியியலில் கூடாது.

ஒன்றுமே முடியாத நாள் வரும். அன்றைக்கு என்று ஒரு குறைந்தபட்ச அளவை முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும்: 15 நிமிடம், 10 கேள்வி. பத்துக் கேள்வியில் அறிவு வளர்ந்துவிடாது; மறுநாள் மறுபடி உட்கார்வது எளிதாகும், அவ்வளவுதான். மூன்று நாள் தொட்டுப் பார்க்காத நோட்டைத் திறப்பது எவ்வளவு கனக்கும் என்பது படிக்கிற எல்லோருக்கும் தெரிந்ததே.

ரிவிஷன் சுமையும் திட்டத்தில் ஏற வேண்டும். படித்ததை மறுநாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று மூன்று முறை திரும்பப் பார்க்கிற முறையைப் பலரும் பின்பற்றுகிறார்கள். முதல் வாரத்தில் சுகமாக இருக்கும். ஆறாம் வாரத்தில் மூன்று பழைய பாடமும் ஒரு புதிய பாடமும் ஒரே நாளில் வந்து நிற்கும். அதனால் இரவு அரைமணி நேரத்தை ரிவிஷனுக்கு மட்டும் என்று முதல் நாளே ஒதுக்கிவிட வேண்டும். புத்தகத்தை மறுபடி வாசிப்பதில் பயன் குறைவு. மூடிவைத்துவிட்டு, நினைவில் இருப்பதை வெற்றுத்தாளில் எழுதி, பிறகு திறந்து பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

தப்பு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று. பக்கத்துக்கு நான்கு கட்டம்: தேதி, கேள்வியின் சாரம், சரியான விடை, ஏன் தப்பு. கடைசிக் கட்டத்தில் விளக்கம் எழுத வேண்டாம், ஓரெழுத்துக் குறி போதும். தெ என்றால் தெரியவே தெரியாது. கு என்றால் இரண்டுக்கு நடுவே குழப்பம். வா என்றால் கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை. அ என்றால் அவசரத்தில் கணக்குப் பிழை.

சில வரிகளைப் பார்க்கலாம். ‘கொண்டான்’ வேர்ச்சொல் எது? ‘கொண்டு’ என்று போட்டது, சரி ‘கொள்’. குறி: தெ. நீதிப்பேராணை வழங்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் உறுப்பு எது? 32 என்று போட்டது. 32 உச்ச நீதிமன்றத்துக்கு, உயர் நீதிமன்றத்துக்கு 226. குறி: கு. ‘பொருந்தாத இணையைத் தேர்ந்தெடு’ என்று கேட்டிருக்க, முதலில் கண்ணில் பட்ட பொருந்திய இணையைப் போட்டது. குறி: வா. 5,000 ரூபாய்க்கு 4 சதவீதத்தில் இரண்டு ஆண்டுத் தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் வித்தியாசம் கேட்டதற்கு இரண்டையும் தனித்தனியாகப் போட்டு வழியில் வழுக்கியது. அசலை 4/100-ஆல் இரண்டு முறை பெருக்கினால் 8 ரூபாய் என்று நேரே வந்திருக்கும். குறி: அ.

ஒரு டெஸ்ட்டில் 20 தப்பு என்றால் குறிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். தெ 8, கு 6, வா 4, அ 2 என்று வந்தால், "இன்னும் நிறைய படிக்கணும்" என்கிற பொதுவான புலம்பலுக்கு இடமில்லை. தெ எட்டும் அடுத்த வாரத் தாளுக்குப் போகும். கு ஆறையும் ஜோடி ஜோடியாக ஒரு அட்டையில் எழுத வேண்டும், 32-க்கு எதிரே 226. தனித்தனியாகப் படித்தால் குழப்பம் தீராது, அருகருகே வைத்துத்தான் பிரித்தறிய முடியும். வா நான்குக்குப் படிப்பே தேவையில்லை. ‘தவறானது’, ‘அல்லாதது’, ‘பொருந்தாதது’ என்ற சொற்களைப் பேனாவால் வட்டமிட்டுவிட்டுத்தான் விடைகளைப் பார்ப்பது என்று பழகினால் போதும். புதிதாக ஒரு பக்கம் படிக்காமல் மூன்று நான்கு கேள்வி மேலே ஏறிவிடும். பலரும் இந்த நான்கு கேள்விக்காக இன்னொரு கைடு வாங்குகிறார்கள்.

கைடு என்றதும் இன்னொன்று. டெலிகிராம் குழுக்களில் ஒரு நாளைக்கு நாற்பது பிடிஎஃப் வருகிறது. தரவிறக்கியதும் படித்துவிட்ட நிம்மதி வந்துவிடுகிறது, சிக்கலே அதுதான். பள்ளிப் பாடநூல்கள், பழைய கேள்வித்தாள்கள், நடப்பு நிகழ்வுகளுக்கு ஒரே ஒரு மாத இதழ். இதற்கு மேல் எதையும் சேர்ப்பதாக இருந்தால், சேர்ப்பதற்கு முன் ஒன்றை நீக்க வேண்டும். மூன்று நிறப் பேனாவில் குறிப்பெடுப்பதும் இதே ரகம். ஒரு பாடத்துக்கு இரண்டு மணி நேரம் அழகாக எழுதி, மறுபடி அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. பாடநூல்களைப் பாடநூல் கழக இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் கட்டணமில்லா வகுப்புகளும் மாதிரித் தேர்வுகளும் நடக்கின்றன.

வீடும் ஊரும்

இலக்கை யாரிடம் சொல்வது? ஊரெல்லாம் சொன்னால் ஒவ்வொரு விசேஷத்திலும் "என்னாச்சு தம்பி, ரிசல்ட் வந்துச்சா?" என்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். யாரிடமும் சொல்லாவிட்டால் "சும்மா மொபைல பாத்துட்டு உக்காந்திருக்கான்" என்று கடைக்கு அனுப்புவார்கள். வீட்டில் ஒருவரிடமும், கூடப் படிக்கிற ஒருவரிடமும் சொன்னால் போதுமானது. வீட்டில் சொல்லும்போது "படிக்கப் போறேன்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "அம்மா, ஞாயித்துக்கிழமை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க, அதுக்கப்புறம் எந்த வேலைன்னாலும் செய்றேன்" என்றால் நடக்கிறது. மணி சொல்லிக் கேட்டால் தருவார்கள்.

கூடப் படிக்கிறவரிடம் சனிக்கிழமை இரவு அனுப்ப வேண்டியது ஒரு படம் மட்டும்: டிக் அடித்த வாரத் தாள். எத்தனை மணி நேரம் படித்தோம் என்று பேசிக்கொள்வதில் பயனில்லை. நோட்டுக்கு முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஒன்றும் ஏறாமல் எழுந்திருக்கவும் முடியும்.

முகூர்த்தங்களைத் திட்டம் போடும் நாளிலேயே குறித்துவிட வேண்டும். தினசரி காலண்டரைப் புரட்டி, தைக்கும் வைகாசிக்கும் எந்தெந்த ஞாயிறு கல்யாணத்துக்குப் போகும், ஊர்த் திருவிழா எந்த வாரம் என்று பார்த்தால், 26 ஞாயிறுகளில் ஏழெட்டு கழிந்துவிடும். அந்த வாரங்களில் டெஸ்ட்டை முந்தின நாள் இரவுக்கு மாற்றலாம் அல்லது அதையே ஈடு வாரமாக்கலாம். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகாமல் படிப்பது வீரம் ஒன்றுமில்லை. அங்கே போய்விட்டுத் திட்டம் குலைந்ததே என்று வருந்துவதுதான் வேண்டாத வேலை.

கடைசி நான்கு வாரம்

வாரத்துக்கு ஒரு முழுத்தேர்வு, முடிந்தால் இரண்டு. 180 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: தமிழ் 60, பொது அறிவு 60, திறனறிவு 40, மிச்சம் 20 சரிபார்க்க. திறனறிவைக் கடைசியில் வைப்பதா முதலில் வைப்பதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். நான்கு டெஸ்ட்டில் இரண்டுக்கு இரண்டு மாற்றிப் பார்த்து, எண்ணிக்கை எதில் கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு டெஸ்ட்டையும் ஓ.எம்.ஆர். தாளில்தான் எழுத வேண்டும். மாதிரித் தாள் அச்சகங்களில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். 200 வட்டத்தைக் கருப்புப் பந்துமுனைப் பேனாவால் நிரப்புவதே நேரம் பிடிக்கிற வேலை. கேள்வித்தாளில் டிக் அடித்து முடித்துவிட்டுக் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று பழகியவர்கள், 12.20-க்குக் கை நடுங்க ஒரு வரிசை தள்ளி நிரப்புகிறார்கள். 47-க்கான விடை 48-க்குப் போய்விட்டால் அதற்குக் கீழே எல்லாமே தப்பு. பத்துக் கேள்விக்கு ஒருமுறை நிரப்பி, வரிசை எண்ணைத் தொட்டுப் பார்த்து நகர்வது பாதுகாப்பு. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எனவே இரண்டை நீக்க முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து போடலாம். எந்தக் கேள்வியையும் வெறுமனே விடக்கூடாது. ‘விடை தெரியவில்லை’ என்பதற்கே ஐந்தாவது வட்டம் இருக்கிறது.

கடைசி பத்து நாளில் புதிய பாடம் கிடையாது. தப்பு நோட்டு, ஜோடி அட்டைகள், திருக்குறள், கணக்குச் சூத்திரங்கள் மட்டும்.

இன்னும் ஒன்றைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்: எத்தனை முறை? "கிடைக்கிற வரைக்கும்" என்று சொல்லிக்கொண்டு 22 வயதில் தொடங்கி 30 வரை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் சம்பளமும் போகிறது. இரண்டு முறை அல்லது மூன்று முறை என்று எண்ணையும், ஒவ்வொரு முறைக்கும் ஒரு நிபந்தனையையும் எழுதலாம். முதல் முறை 150 கேள்வியைத் தாண்டினால் இரண்டாம் முறை. அதில் 165-ஐத் தொட்டால் மூன்றாம் முறை. நடுவில் கிடைக்கிற மாதங்களில் தட்டச்சு முடித்துவிடுவது புத்திசாலித்தனம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை, அல்லது ஒன்றில் முதுநிலையும் மற்றதில் இளநிலையும் இருந்தால் தட்டச்சர் பதவிக்கும் கதவு திறக்கும். அதே 170 கேள்விக்கு வாய்ப்பு கூடும். பட்டம் முடித்தவர்கள் இதே தப்பு நோட்டோடு குரூப் 2 முதல்நிலைக்கும் உட்காரலாம்.

தேர்வு முடிந்து சில நாளில் தற்காலிக விடைக்குறிப்பு வரும். அன்றைக்கு எண்ணிப் பார்த்து, மூன்று பகுதிக்கும் வந்த எண்களை முதல் பக்கத்தில், 92, 55, 23 என்று எழுதிவைத்ததற்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ரிசல்ட் வர மாதங்கள் ஆகும். அடுத்த வாரத் தாளை அந்த எண்களை வைத்து அன்றிரவே போட்டுவிடலாம்.